பாடி ரெடி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி விஷயம். அதை வைத்துத்தானே சண்டையே. புது வண்டியின் பின்பக்கம் சாமான் ஏற்ற நாலு பக்கமும் அடைத்த கன்டெய்னர் பாடிதான் கட்ட வேண்டும், பூட்டினால் பத்திரம் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். நீயே கட்டிக்கோ, என்னை ஏன் கேக்கற என்று போனை வைத்தீர்கள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது எனக்குப் புதிதா என்ன? ஆனால் அந்த வண்டியில் தினமும் பம்பு ரிப்பேருக்குப் போகப்போவது நானும் உங்கள் தம்பியும்தான். ஒவ்வொரு ஸ்பானருக்கும் உள்ளே ஏறி இறங்கி என் முட்டி தேய்ந்தால், எங்கோ குழாய் பதிக்கும் முகாமில் இருக்கும் உங்களுக்கா வலிக்கப் போகிறது?

அதனால் நம் சாமான் எல்லாவற்றையும் பாடி கட்டும் பட்டறைக்கே கொண்டுபோனேன். ஒரு வேலையில் எது முதலில் கைக்கு வேண்டுமோ அந்த வரிசையில் தரையில் பரப்பி வைத்தேன். பட்டறைக்காரர் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோடுகள்தான் இப்போது பெட்டிகள். இரண்டு பக்கமும் தரையில் நின்றபடியே திறக்கும் கதவுகள், நடுவில் பம்பு ஏற்றத் திறந்த இடம், மேலே குழாய் கிடத்தக் கம்பி. நாலு பக்கமும் இரும்புல அடைச்சா வண்டி அந்த எடையைத்தான் இழுக்கும், பம்பை நீங்க தலையில வெச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடணும் என்றார் அவர். இதையெல்லாம் அத்தையிடம் விவரமாகச் சொல்லவில்லை. புது வண்டி வேலை நடக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நேற்றுக் காலை நான் ஒரு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேலையாக இருந்தேன். வீட்டுப் போனை அத்தை எடுத்திருக்கிறார். பட்டறை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் பேசியிருக்கிறாள். எங்கிருந்து பேசுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பாடி ரெடிங்க, வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க, இங்க இடமில்ல, ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது என்றாளாம். யாரோட பாடி என்று அத்தை கேட்டிருக்கிறார். வண்டி உங்கள் பெயரில்தானே இருக்கிறது? அந்தப் புண்ணியவதி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள்.

உங்கள் தம்பி எனக்குப் போன் செய்தான். அண்ணி, அண்ணன் நம்மள விட்டுப் போயிட்டாரு என்றான். உடனே போனை வைத்துவிட்டான். மாடிப்படி எப்படி இறங்கினேன், வீட்டுக்கு எப்படி வந்தேன், ஒன்றும் நினைவில்லை. எதிர்வீட்டுக்காரர் நம் வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை தரையில் கிடந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்.

எங்கே போய் உங்களை வாங்க வேண்டும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான்தான் வந்த எண்ணுக்குத் திரும்பப் போட்டேன். பட்டறைக்காரரின் செல் எண்தான் எனக்குத் தெரியும், இது ஆபீஸ் எண், எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாடில அடி ஏதாவது பட்டிருக்கா என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கீறல்கூட இல்லீங்க, நேத்துதான் ரெண்டாவது தடவை பெயிண்ட் அடிச்சோம், எல்லாக் கதவும் சும்மா வழுக்கிட்டுத் திறக்குது, நீங்களே வந்து திறந்து மூடிப் பாத்துக்குங்க என்றாள்.

நான் சிரித்தேனாம். சத்தம் போட்டுச் சிரித்தேனாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தண்ணீர் தெளித்தார்கள். அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றுகூடத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். அது வண்டியோட பாடிங்க, அண்ணன் இல்லீங்க என்று சொல்லிச் சொல்லி உங்கள் தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆனால் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. எங்களில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அவர் நல்லாத்தானே இருக்காரு, முந்தாநாள்தானே பேசினாரு என்று சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. கேட்டதும் நம்பிவிட்டோம். நானும் நம்பிவிட்டேன். உங்கள் மனைவி நான், நானே நம்பிவிட்டேன்.

விஷயம் புரிந்ததும் அத்தை அழுகையை நிறுத்தினார். எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, அது வண்டியோடதுன்னா சரி, அப்ப என் புள்ள எங்கடி என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

முன்பெல்லாம் உங்கள் போனில் மணியாவது அடிக்கும். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று வாயாரத் திட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். சில நாளாக மணியும் அடிக்கவில்லை. முகாம் ஆபீஸில் கேட்டால் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள், சொல்வதில்லை. அதனால்தான் முகாம் முகவரிக்கே இதை எழுதுகிறேன்.

பாடியை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரே நாளில் கழற்றிவிடலாம். உங்கள் கன்டெய்னரையே கட்டிக்கொள்ளுங்கள், நான் ஏறி இறங்கிக்கொள்கிறேன். என்னைத் திட்டுவதற்காகவாவது கூப்பிடுங்கள். அத்தை நேற்றிலிருந்து போன் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர்தான் எடுப்பார். வேறு எதுவும் சொல்வதற்கு முன்னால் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கோபமாகவே இருந்தாலும் சரி, இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி