417-ஆம் நம்பர் டோக்கன்

ஆண்டர்சன்பேட்டை
3 ஜூன் 2024

அன்புள்ள ஆஷ்லிக்கு,

நலம்தானே? டீனா சௌக்கியமா? அவ்ளோதான் மரியாதை. இனிமே திட்டு. போன்ல திட்டினா டக்குனு வச்சிடுவே, அதுக்கோசரம்தான் காயிதத்துல எழுதறேன்.

ரெக்கார்டோட வரப்போற புஸ்தகம்னு நீ அனுப்பின டைப் காப்பி வந்துச்சு. நம்ம பேண்டோட 'செகண்ட் ஷிஃப்ட்' ரெக்கார்டை நாப்பத்து மூணு வருஷம் கழிச்சு லண்டன்காரன் திரும்பவும் போடறான்னதும் எனக்கு வாயெல்லாம் பல்லு. ஒவ்வொரு பாட்டும் எப்படிப் பொறந்துச்சுன்னு நீ இங்கிலீஷ்ல எழுதினதை எம் பொண்ணு ஸ்வப்னா தமிழ்ல சொல்லிக்கினே வந்தா. மூணாவது பக்கத்துல "நிறுத்தும்மா, தண்ணி குடு"ன்னுட்டேன்.

இன்னாடா கதை வுட்டுக்கினு இருக்கே? 'கேஜ்' பாட்டோட மெட்டு உனக்குக் கனவுல வந்துச்சா? நாங்க தங்கச் சுரங்கத்துக்குள்ள இறங்கறப்போ கேஜ் கூண்டு பாதியில நின்னுபோய் ஒன்றரை மணி நேரம் தொங்கினோமே, அப்போ பயத்துல ராஜப்பா மேஸ்திரி பாடின பஜனைடா அது. நான்தான் வந்து உங்கிட்ட பாடிக் காட்டினேன். நீ அதைக் கிடார்ல இழுத்து இழுத்து வாசிச்சே. மேஸ்திரி பேரு எங்க போச்சு?

'பாப்பம்மா'ங்கற பாட்டு உன்னை ஏங்க வச்ச அழகியைப் பத்தியா? ஐயே! அவங்களுக்கு அப்பவே அறுவது வயசு. நாம பிராக்டீஸ் பண்ற சத்தம் தாங்காம மீன் கழுவின தண்ணியை உன் தலையில ஊத்தினாங்களே, மறந்துட்டியா? அப்புறம் 'பேத்தமங்களா' பாட்டு. ஏதோ பெரிய ஆத்து வெள்ளத்தை நேர்ல பாத்தவன் மாதிரி எழுதிக்கிறே. பேத்தமங்களா ஏரித் தண்ணி மூணு நாள் குழாய்க்கு வராம நம்ம லைன் வீட்டுப் பொம்பளைங்க குடத்தாலயே அடிச்சுக்கினாங்க, அதுதான் அந்தப் பாட்டு. ப்ளூஸ்ங்கற சோகப் பாட்டு அமெரிக்காவுலதான் பொறக்கணுமா? நம்ம லைன்ல அழுதா அது அழுகை இல்லையா?

இதெல்லாம்கூட போவட்டும். நாலாவது பாட்டு '417' உன் பைக் நம்பரா? எழுத எப்படிடா கை வந்துச்சு உனக்கு? லாம்ப் ரூம்ல குடுத்துட்டு தலை லாம்பு வாங்கற பித்தளை டோக்கன் நம்பர் அது. மேலே வந்து லாம்பைக் குடுத்தாத்தான் டோக்கன் திரும்பக் கிடைக்கும். கீழே பாறை வெடிச்சு நம்ம இன்பராஜ் செத்த அன்னிக்கு ராத்திரி, கேக்க ஆளில்லாம 417 ஆணியில தொங்கிக்கினு இருந்துச்சு. அதைப் பாத்துட்டு வந்துதானே நீ பாட்டே எழுதினே? அந்தப் பையன் பேரை ஒரு வரி போட முடியலையா? அவன் தங்கச்சி பாக்கியவதி இன்னும் எங்க லைன்லதான் இருக்கா. தினம் அவ மூஞ்சில முழிக்கிறவன் நான்.

மாத்தி எழுது. நிஜத்தை எழுது.

இப்படிக்கு,
கோவம் தணியாத உன் டிரம்மர்,
கங்காதரன்


பெர்த்
19 ஜூன் 2024

அன்புள்ள கங்கா,

பாதிக் கடிதம் வரைக்கும் சிரிச்சேன். என்ன சிரிப்புன்னு டீனா வந்து எட்டிப் பாத்தா. மீன் தண்ணி நிஜம்தான், ஒத்துக்கறேன். குழாயடிச் சண்டையும் நிஜம். ராஜப்பா மேஸ்திரி பேரைக் கொட்டை எழுத்துல போடச் சொல்றேன். கெழவன் பெருமை அடிச்சுட்டேன், மன்னிச்சுடு.

ஆனா அந்த நாலாவது பாட்டு. படிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நிஜத்தை எழுதுன்னு நீயா சொல்றே?

யாரோட டோக்கன்டா 417? உன்னோடது. பெங்களூர்ல மொத நாள் ரெக்கார்டிங், உனக்கு லீவு கிடைக்கலை. "என் பேர்ல இறங்குடா, வரும்போது பிரியாணி வாங்கியாறேன்"னு நீயே அதை இன்பராஜ் கையில வச்சே. நான் பக்கத்துல நின்னேன். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் இறங்கறது அங்கே சகஜம்தான், மேஸ்திரிங்களும் கண்டுக்க மாட்டாங்க. அதை நான் தப்புன்னு சொல்லவே இல்லை.

விசாரணையில என்ன சொன்னே? "எனக்குத் தெரியாது சார், வீட்ல மாட்டியிருந்த டோக்கனை அவன் திருடிக்கினு போயிட்டான்." உன் வேலை தப்பிச்சுது. செத்தவன் திருடனாயிட்டான். அவங்கம்மா சர்ச்சுக்கு வர்றதையே நிறுத்தினாங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு உங்கம்மா தலையில என் கையை வச்சு சத்தியம் வாங்கினே. அந்த சத்தியத்துக்காகத்தான் பைக்குன்னு எழுதினேன். என்கிட்ட பைக்கே இருந்ததில்லைன்னு உனக்குத் தெரியாதா?

கோவப்படறதுக்கு உனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?

ஆஷ்லி


ஆண்டர்சன்பேட்டை
4 ஜூலை 2024

ஆஷ்லி,

அன்புள்ளன்னு போட மனசு வரலே.

உங்கப்பா ஆபீஸ் கிளார்க்கு. நீ கிடார் தட்டிக்கினு திரிஞ்சாலும் வீட்ல உலை கொதிச்சுது. எங்க வீட்ல அஞ்சு பேரு என் ஒருத்தன் சம்பளத்துல. வேலை போயிருந்தா நீ வந்து சோறு போட்டிருப்பியா? பெர்த்துல உக்காந்துக்கினு தீர்ப்பு சொல்ல வந்துட்டே, பெரிய ஜட்ஜு!

செத்தவனுக்கு வேலை எதுக்கு, பேரு எதுக்குன்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன். எனக்கு அப்போ இருவத்து மூணு வயசு.

பைக்குன்னே இருக்கட்டும். இனிமே எழுதாதே.

கங்காதரன்


பெர்த்
18 ஜூலை 2024

அன்புள்ள கங்கா,

எழுதாதேன்னாலும் எழுதறேன். எனக்கு அன்புள்ளன்னு போட மனசு வருது.

ஆகஸ்ட் கடைசியில புஸ்தகம் அச்சுக்குப் போகுது. நிஜத்தை நானே எழுதிடலாம். ஆனா தன் அண்ணன் திருடன் இல்லைன்னு பாக்கியவதி ஒரு ரெக்கார்டு அட்டையில படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. உன் வாயால கேக்கணும். பத்து வீடு தள்ளி இருக்கா, உன்னால நடக்க முடியும்.

சொல்லிட்டேன்னா, நீ எழுதி அனுப்பறதை ஒரு எழுத்து மாத்தாம போடறேன். சொல்லலைன்னா அந்தப் பாட்டையே எடுத்துடச் சொல்லிடுவேன். நாம வாசிச்சதுலயே நல்ல பாட்டு அதுதான், தெரியும். பொய்யோட அது வெளிய வர வேணாம்.

ஆஷ்லி


ஆண்டர்சன்பேட்டை
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஆஷ்லிக்கு,

போனேன். மூணு தரம் அவ வீட்டைத் தாண்டிப் போய் டீ குடிச்சுட்டுத் திரும்பினேன். நாலாவது தரம் அவளே பாத்துட்டு, "இன்னாண்ணா, வெயில்ல சுத்திக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க"ன்னா. அவரைக்கா உரிச்சுக்கினு இருந்தா. சொன்னேன்.

கையில இருந்த காயை முறத்துல போட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "எங்கம்மா உசுரோட இருந்தப்போ ஏன் வரலே?" இந்தக் கேள்விக்குப் பயந்துதானே இத்தினி வருஷம் போவலே.

அன்னிக்கு ஆணியில தொங்கின 417-ஐ மறுவாரம் திரும்ப என் கையிலயே குடுத்தாங்க, உனக்குத் தெரியுமா? மைன் மூடற வரைக்கும் இருவது வருஷம் அதைக் குடுத்துத்தான் லாம்பு வாங்கினேன். அதை அவகிட்ட நீட்டினேன். "உன்னுது, நீயே வச்சுக்கோ"ன்னா. அண்ணான்னும் சொல்லலே, வாங்க போங்கன்னும் சொல்லலே.

அப்புறம் என் சட்டையைப் பிடிச்சு வெளிய இழுத்துக்கினு வந்தா. அவ போட்ட சத்தத்துல லைனே வாசலுக்கு வந்துடுச்சு. "எங்கிட்ட முணுமுணுத்தியே, அதை இப்போ சொல்லு. இவங்க எல்லாரும்தானே எங்களைத் திருடன் வீடுன்னாங்க"ன்னா. சத்தமா சொன்னேன். கேக்கலேன்னா. இன்னும் சத்தமா சொன்னேன். அந்தக் கூட்டத்துல ஸ்வப்னாவும் நின்னா. மூணு நாளா எங்கிட்ட பேசலே. தட்டை வச்சுட்டுப் போயிடறா.

உன் மேல எனக்கு எவ்ளோ ஆத்திரம்னு எழுதி மாளாது. நீ சும்மா இருந்திருந்தா நான் கௌரவமா செத்திருப்பேன். ஆனா ஜூன் மாசம் நிஜத்தை எழுதுன்னு கத்தினது நான்தானே. எனக்கே எம்மேல ஆத்திரமா இருக்குடா.

புஸ்தகத்துக்கு ரெண்டு பக்கம் எழுதி எடுத்துக்கினு நேத்து மறுபடியும் போனேன். என் வயசு, வீட்டு நெலமை, பயம், எல்லாம் எழுதியிருந்தேன். வாசல்ல நிக்க வச்சே படிச்சா. நாலா கிழிச்சுப் போட்டுட்டு, "இதை எழுது"ன்னா. அதைத்தான் கீழே எழுதறேன். நீ சொன்ன மாதிரி ஒரு எழுத்து மாத்தாதே. டிரம்ஸ்ங்கற இடத்துல என் பேரு இல்லாட்டியும் பரவாயில்லே, இதுக்குக் கீழே கண்டிப்பா இருக்கணும்.

நாலாவது பாட்டு. 417.
இன்பராஜ் டோக்கன் திருடலை. நான் குடுத்தேன்.

கங்காதரன்
டோக்கன் நம்பர் 417