அடுப்பில் போன கதைப் புத்தகம்

செவ்வாய்க்கிழமை, விஜயபுரம்.

காலையில் வெந்நீர் அடுப்பில் சாம்பல் அள்ளும்போது பாதி எரிந்த அட்டை ஒன்று கிடைத்தது. என் மகள் கீர்த்தனாவின் தமிழ்க் கதைப் புத்தகம். திருமலையில் லாட்ஜ் வேலை செய்யும் அவள் அப்பா, அவளுக்கு நைனா, போன மாதம் ஊருக்கு வரும்போது திருப்பதியில் வாங்கி வந்தது.

மூன்றாவது படிக்கிறாள், தெலுங்கு மீடியம். முதல் இரண்டு நாள் எழுத்துக்கூட்டி, தனக்குத்தானே படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா விட்டிருக்கலாம். தமிழ் மறந்துபோகுமே என்று தினமும் எதிரில் உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். தப்பாகப் படித்தால் அடித்தேன். ஒருநாள் தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போனது.

"ஏன்டி எரிச்ச?" என்று கேட்டேன். அவள் அழவில்லை.

"அது இல்லன்னா நீ அடிக்கமாட்ட இல்ல."

நான் அவள் தலையைக்கூடத் தடவவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கடலை பிடுங்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். "பாப்பா கதை படிச்சிக்கினு இருக்குதா?"

"படிக்குது" என்றேன்.

"அப்போ இன்னும் ரெண்டு புக்கு வாங்கினு வரேன்."

ஸ்பீக்கரில் இருந்ததால் அவளுக்கும் கேட்டது. வீட்டுப்பாடத்தை விட்டு எழுந்து வந்து என் புடவையைப் பிடித்தாள்.

"நைனாகிட்ட வேணாம்னு சொல்லும்மா" என்றாள், அவருக்குக் கேட்காத குரலில்.

வேணாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சிக்னல் போனது மாதிரி போனை வைத்துவிட்டேன்.