உன் வேடத்தில் இன்னொருவர்

அன்பு மச்சானுக்கு,

நம்முடைய 'கங்காணி பாட்டு' நாடகம் சினிமாவாகிறதே, அதன் ஒத்திகை பசறையில் நடக்கிறது. உன் வேடத்தில் கொழும்பு நடிகர். கால் இரண்டும் நல்ல கால். உன்னைப் போல நொண்டக் கற்றுக்கொடுத்த மகான் நான்தான். டீக்கடை பவாஸ் நானா பார்த்துவிட்டு, "இவர் நொண்டினா பாவமா இரிக்கி. ஒங்கட ஆளு நொண்டினாத்தான் சிரிப்பு வரும்" என்றார்.

"டைரக்டர் என்னை வேணாம்னுட்டாரா?" என்று நீ கேட்டபோது தலையாட்டினேன். பொய் மச்சான். அவர் உன்னைத்தான் கேட்டார். உனக்கு இஷ்டமில்லை என்று நானாகச் சொல்லிவிட்டேன். நீ வந்தால், நான் எழுதியதாகப் பேர் வாங்கிய நகைச்சுவையில் பாதி மேடையில் நீயே போட்டது என்று தெரிந்துவிடுமே!

இன்று காலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாளை உன் லயத்து வீட்டுக்கு வருகிறார், நானும் வருகிறேன். அவர் முன்னாலேயே என்னைத் திட்டு. இந்த முறை எழுதிக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கைதட்டலைத் திருடியவன்