அம்மா இன்னும் நடக்கவில்லை

அன்பு மகள் வானதிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் கத்தாரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று நான் எழுதப்போவதில்லை. அம்மா எழுந்து நடக்கிறாள் என்று ஜூம் ஜெபத்தில் நீ சாட்சி சொன்னாய். அது பொய். பக்கவாதத்தில் விழுந்த வலது கையும் காலும் விழுந்தபடிதான் கிடக்கின்றன. கால் பெருவிரல் ஒரு தரம் அசைந்தது என்று நான் சொன்னதை நீ நடையாக்கிவிட்டாய். போனில் கேட்டால் அழுவாய், நானும் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் ஊரில் சபை கிடையாது, அம்மாவைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் போகவும் முடியாது. ஜூமில் கூடுகிற, முகம் தெரியாத அந்த முப்பது பேர்தான் எங்களுக்குச் சபை. சாயங்காலம் போனைத் தலையணையில் சாய்த்து வைப்பேன், பாஸ்டர் குணசேகரன் நோயாளிகள் பெயர்களைச் சொல்லி வரும்போது வலங்கைமான் மதுரம் என்று கேட்டதும் அம்மா இடது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாள். நீ சாட்சி சொன்ன அன்று சார்ஜ் இல்லாமல் நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் அவள் பெயர் வரவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, குழறும் நாக்கால் "என் பேரு எங்கங்க?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

பெரியப்பா வந்துதான் தெரிந்தது. நீ சாட்சி சொன்ன வீடியோவை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்; சுகமானவள் என்றுதான் ஜெபத்தில் அம்மா பெயரை எடுத்திருக்கிறார்கள். "ஏன்டா தங்கையா, மதுரம் எந்திரிச்சு நடக்குதாமே, ஒரு சொம்பு தண்ணி கொண்டாரச் சொல்லேன்" என்றார். சாமியை மாற்றி என்னடா கண்டாய் என்று நாம் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து கேட்கிறவர். இயேசுவிடம் நான் கால் கேட்டுப் போகவில்லை என்று இத்தனை நாள் பதில் சொன்னேன், அன்று நானே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எழுந்தாலும் எழாவிட்டாலும் நான் விசுவாசிக்கிறேன். வாராவாரம் எல்லாரும் சாட்சி சொல்ல, உனக்குச் சொல்ல ஒன்றுமில்லையே என்று கூசியிருப்பாய். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் தேவனுக்கு நம் பொய் தேவைப்படவில்லை.

பிறகு தரங்கம்பாடியிலிருந்து ஞானசுந்தரி, ஜெபத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மாள், அற்புதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அம்மா கிடப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளதைச் சொன்னேன். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வெந்நீர் வைத்து அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, துணி மாற்றி, "நடக்கலேன்னா என்னக்கா, நாங்க வர்றோம்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தாள். குழுவில் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், சொன்ன வாய்தான் திருத்த வேண்டும் என்றேன். அம்மா இன்னும் தினமும் தன் பெயருக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் கிடக்கிறாள், தாமதிக்காதே.

குறுவை அறுத்தாகிவிட்டது, சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறது. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து ஆசீர்வதிப்பார்.

ஞாயிறு ஜெபம் உங்கள் நேரம் நாலரை. மைக்கைத் திறந்து நீதான் பேச வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும், உனக்காகப் பேச வேண்டாம். அம்மா பெயரைத் திரும்பச் சேர்க்கும்படி பாஸ்டரிடம் நீயே கேள். பெரியப்பா வீட்டுக்குப் போய் என் மகள் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியது நான். அம்மா ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கையன்