அக்கி என்றே வைத்துக்கொள்வோம்

6 பிப்ரவரி 2025, வியாழன்

வலது விலாவில் சிவப்பாக நான்கு தடிப்புகள். குளிக்கும்போது கையில் பட்டன. வலி இல்லை, அரிப்பும் இல்லை. கொசு என்று எழுதிவைக்கிறேன். கொசு வரிசையாகக் கடிக்காது என்பது முப்பத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவளுக்குத் தெரியும். இருந்தாலும் கொசு.

9 பிப்ரவரி, ஞாயிறு

சென்னிமலையில் இவருடைய பங்காளி வீட்டுக் காதுகுத்து. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய் என்று என் வயிற்றில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பதில் ஒன்றரை இட்லி கொள்ளும். அதற்கு மேல் போனால் என் பாடு திண்டாட்டம். ஆனால் நம் பக்கத்துப் பந்தியில் போதும் என்ற சொல்லுக்கு இன்னும் இரண்டு வை என்று அர்த்தம். வீட்டுக்காரம்மா இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, “எங்கூட்ல சாப்பிடக் கூடாதுன்னு இருந்தா சொல்லிப்போடுங்க” என்கிறார்.

“அவளுக்கு அல்சருங்க” என்றார் இவர். இரண்டு வருடமாக உலகத்துக்கு இதே அல்சர்தான். கேன்சர் என்ற சொல் என் கணவர் கந்தப்பன் வாயில் வராது. தறி ஓனராக இருந்து நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிய வாய்.

கடைசியில் என் இலையிலிருந்த மூன்று இட்லிகளை நைசாகத் தன் இலைக்கு நகர்த்திக்கொண்டார். பாதிப் பந்தி பார்த்துவிட்டது. “இந்த வயசுலயும் பாருங்க” என்று ஒரே சிரிப்பு.

14 பிப்ரவரி, வெள்ளி

ஏழு.

முதுகு தேய்த்துவிட வந்த பக்கத்து வீட்டு சாமியாத்தாள் அக்கா கண்ணில் பட்டுவிட்டது. “ஏனுங் டீச்சர், இது அக்கியுங்க! குயவர் ஊட்டுல எழுதிப்போட்டா மூணே நாளுங்க, காஞ்சு கொட்டிப்போயிரும்.” நான் புடவையைச் சரிசெய்வதற்குள் பல்லடத்தில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது.

அக்கி ஒரு வைரஸ், காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் வரைந்தால் அது போகாது. வருடா வருடம் ஐந்து மார்க் கேள்வியாக இதைக் கேட்டவள் நான். ஆனால் இன்று அக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அக்கி என்றால் மூன்று வாரத்தில் போய்விடும். இன்னொன்று என்றால் போகாது. எனக்கு அக்கிதான் வேண்டும்.

15 பிப்ரவரி, சனி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள கிளினிக்கில் காட்டினேன். காட்டினேன் என்பது கொஞ்சம் மிகை. புடவையை இரண்டு அங்குலம் நகர்த்தி, “அக்கிங்க டாக்டர்” என்று நானே சொல்லிவிட்டேன். பழைய ஆபரேஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் தலை நிமிராமல் மாத்திரை எழுதினார். எந்த மாணவியாவது எனக்கு இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் பேப்பரைக் கிழித்திருப்பேன்.

22 பிப்ரவரி, சனி

மாத்திரை தீர்ந்தது. ஒன்பது. கல் மாதிரி கெட்டியாக இருக்கின்றன.

“பேசாம போயி எழுதிப்போடலாம் அம்மணி” என்றார் இவர். சரி என்றேன். நான்தான் சொன்னேனா? நான்தான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இதை முழுசாக எழுதிவிட வேண்டும். நடந்தது அப்படி.

குயவர் வீதியில் யாராவது பெரியவர் இருப்பார், முகம் தெரியாதவர், வேலை முடிந்ததும் வந்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். கையில் கோழி இறகும் காவிக் கிண்ணமுமாக வெளியே வந்தது அன்புச்செல்வி. என்னிடம் ஒன்பதாவது படித்தவள். “டீச்சருங்களா! வாங்க வாங்க, வாங்க சார். எங்கப்பா போனதுக்கப்புறம் நாந்தானுங்க எழுதறேன்.” எனக்கு அப்படியே ஓடிவிடலாம் போல இருந்தது. வைரஸைப் பற்றி இவளுக்கு நடத்தியதே நான்தான்.

உட்காரவைத்தாள். இறகைத் தொடவில்லை. பெருவிரலால் ஒவ்வொரு தடிப்பையும் அழுத்திப் பார்த்தாள்.

“எரியுதுங்களா?”

“இல்ல.”

“நீர் கோத்துச்சுங்களா?”

“இல்ல.”

“துணி பட்டா சுள்ளுன்னு இழுக்குதுங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படிங்க டீச்சர் இதை அக்கிங்கறீங்க?”

எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது என்று ஏதோ சமாளித்தேன். படிக்காமல் வந்த பிள்ளைகள் எப்படி முழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்று நான் முழித்தேன்.

“இது உள்ளயிருந்து வந்த கட்டிங்க. இந்த மாதிரி இருந்தா எங்கப்பா தொடவே மாட்டாரு. இதுக்கு முன்னால ஒடம்புக்கு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?”

“அல்சரு...” என்று ஆரம்பித்தார் இவர்.

“கேன்சர்” என்றேன். “வயித்துல.”

அன்புச்செல்வி காவிக் கிண்ணத்தை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். எனக்கு ஆங்காரமாக வந்தது. அழுகையும் வந்தது. “இவ்வளவு தூரம் வந்துட்டோம், எழுதிப்போடு கண்ணு” என்று கெஞ்சினேன். ஆமாம், நான், ரங்கநாயகி டீச்சர், சிங்கம் வரையச் சொல்லிக் கெஞ்சினேன்.

“நாலு கோடு இழுக்கறது எனக்கொண்ணும் சிரமமில்லீங்க. அதை நம்பிக்கிட்டு நீங்க ஒரு மாசம் ஊட்ல உக்காந்துக்குவீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “முழுப்பரீட்சையில எனக்கு முப்பத்திநாலுங்க. ஒரு மார்க்குப் போட்டுடுங்கன்னு எங்கம்மா உங்க கால்ல விழாத குறையா கேட்டாங்க. தப்புன்னா தப்புதான்னு சொல்லிப்போட்டீங்க. இன்னைக்கு நானும் போட மாட்டேனுங்க.”

மோர் கொடுத்து அனுப்பினாள். அவள் அம்மா வந்து கேட்டது எனக்கு நினைவே இல்லை. அதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

24 பிப்ரவரி, திங்கள்

கோவை. போன முறை எனக்குக் கீமோ கொடுத்த டாக்டர் யாகூப். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “எவ்ளோ நாளா இருக்குது டீச்சர்?” பதினெட்டு நாள் என்றேன். “இத்தன நாளு என்ன பண்ணிட்டிருந்தீங்க?” கொசு என்று நினைத்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தடிப்பிலிருந்து துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்.

3 மார்ச், திங்கள்

வயிற்றில் இருந்ததுதான். தோலுக்கு வந்திருக்கிறது.

பஸ்ஸில் சூலூர் வரை அழுதேன். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கப் பயந்து இவரிடம் கேட்டார்.

காரணம்பேட்டை தாண்டியதும் இவர் மெதுவாக ஆரம்பித்தார். “ஏம்மணி, வயித்துக்குள்ள இருந்தது இப்ப தோலுக்கு வந்திருச்சு. அப்ப வெளிய போற வழியிலதான இருக்குது? நல்லதுதான?”

அப்படியில்லை, ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து அது பரவுகிறது, இது முற்றியதற்கு அடையாளம் என்று பாடம் நடத்தினேன். கவனமாகத் தலையாட்டினார். புரிந்ததா என்று கேட்டேன்.

“நல்லாப் புரிஞ்சுது. இருந்தாலும் வெளிய வந்தது நல்லதுதான்.”

11 மார்ச், செவ்வாய்

மறுபடி கீமோ. போன தடவையே இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். எந்தச் சாமியிடம் செய்தேன் என்று மறந்துவிட்டதால் பரவாயில்லை.

16 மார்ச், ஞாயிறு

வாரத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்து, எத்தனை இருக்கிறது என்று எண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாதி முதுகுப் பக்கம் போய்விட்டதால் எண்ணுவது இவர் வேலை. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்றார். விசாரித்தால் என் பிறவி மச்சத்தையும் சேர்த்துவிட்டார். நாற்பது வருடக் குடித்தனத்தில் மச்சம் இருப்பது இன்றுதான் தெரிந்ததாம்! அதற்கு ஒரு மணி நேரம் சண்டை. நன்றாக இருந்தது.

2 ஏப்ரல், புதன்

வாந்தி. வேறில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

ஐந்து! மற்றவை அமுங்கி, நிறம் மட்டும்தான் நிற்கிறது. டாக்டருக்கும் திருப்தி. “மருந்து கேட்குது டீச்சர்.”

செவ்வாயன்று நேரில் போகும்போது எவ்வளவு காலம் என்று கேட்க வேண்டும். நேராகக் கேட்டால் நேராகச் சொல்வார்.

22 ஏப்ரல், செவ்வாய்

கேட்டேன். குணமாகாது என்றார். மருந்து கேட்கிற வரை மாதங்கள் கிடைக்கும், அவற்றை நல்ல மாதங்களாக ஆக்கப் பார்க்கலாம் என்றார். இவர் ஜன்னல் வழியாகக் கார் பார்க்கிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கார் கிடையாது.

8 ஜூன், ஞாயிறு

சாமியாத்தாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, “அக்கி எறங்கிருச்சு பாருங்க, நாஞ் சொன்னனில்லீங்க?” என்றார். இனி எதற்கு மறைக்க வேண்டும்? “அக்கி இல்லீங்கக்கா, கேன்சர். தோலுக்கு வந்திருக்குது” என்றேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, “எதுக்கும் ஒருக்கா எழுதிப்போட்டிருக்கலாமுங்க” என்றார்.

6 ஜூலை, ஞாயிறு

ஐந்து என்கிறார் இவர். என் விரலில் ஆறாவது ஒன்று படுகிறது. மச்சமாக இருக்கும் என்கிறார். மச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

13 ஜூலை, ஞாயிறு

ஐந்து என்கிறார்.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ண உட்கார்ந்தார். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. முதுகெலும்புப் பக்கம் போனதும் நின்றது. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது.

“அஞ்சுதான் அம்மணி. அஞ்சே அஞ்சு.”

போட்டோவை டாக்டருக்கு நான்தான் அனுப்புகிறேன். அதைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும் என்பது இவருக்குத் தெரியாது. எட்டு. புதிது மூன்று, சின்னது, நல்ல சிவப்பு. எட்டு என்றே எழுதி அனுப்பினேன். நாளைக்கே வரச் சொல்லிப் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

“சரியா எண்ணினீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவ எண்ணினேன்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் என் ரவிக்கைக் கொக்கிகளைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கொக்கி மாறிப்போயிருந்தது.

“சரிங்க” என்றேன்.

ஐந்து.