கப்பல் அறையில் நாங்களே மடித்து வைத்த படுக்கை

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. தரைக்குத் திரும்பிவிட்ட நாங்கள் மூன்று பேரும் சுகம். தண்ணீர் மேலேயே இருக்கிற நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கணுக்கால் வீக்கம் வடிந்ததா. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உனக்கு நெட் தீர்ந்துபோகும், சாப்பிட்டியா சாப்பிட்டேன் என்பதோடு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். ஜெயங்கொண்டத்து ராஜா உன் கப்பலிலேயே சமையல் வேலைக்குச் சேர வெள்ளிக்கிழமை கிளம்புகிறாராம், அவர் கையில் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த காண்ட்ராக்ட்டில் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாய். கப்பல் ரூம் கூட்டித் துடைக்கிற வேலை அப்பாவுக்கு அசிங்கமாக இருந்தால் நான் எதற்கம்மா இங்கே இருக்கணும் என்றும் கேட்டாய். நீ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் நாங்களும் ஒரு கப்பலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பார்த்துவிட்டு வந்துவிட்டேன் பாப்பா. பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, நான் கப்பல் ஏறின கதையை யாரிடமாவது முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அடேயப்பா, என்ன உயரம் அது! சென்னைத் துறைமுகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தபடியே வீடியோ எடுத்தேன், பாதி வானமும் பாதி என் கட்டைவிரலும்தான் விழுந்திருக்கிறது. உனக்கே தெரியும், நீ போன பிறகு நான் பார்க்காத கப்பல் வீடியோ கிடையாது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது, படகு எங்கே தொங்கும், எந்த மாடியில் சாப்பாடு எல்லாம் எனக்குப் பாடம். அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன், அவர் இந்தக் கப்பலைக் கட்டினதே நீதான் போலிருக்கு என்றார். எங்களோடு வந்த உன் அமிர்தவல்லி அத்தை கீழப்பழுவூரிலிருந்து ஒரு தேங்காயும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். புது டிராக்டருக்கே சூறைத் தேங்காய் விடுகிறோம், இம்மாம் பெரிய வண்டிக்கு விடாமல் ஏறுவதா என்பது அவருடைய நியாயம். பையைப் படம் பிடிக்கிற மெஷினில் எல்லாம் தெரிந்துபோய்விட்டது. கப்பலுக்குள்ளே நெருப்புப் பிடிக்கிற பொருள் ஆகாது என்று கற்பூரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளிச் சாப்பாடு ஆகாது என்று தேங்காயையும். அத்தை விடவில்லை. ஏம்ப்பா, கடலுக்குள்ள போற வண்டிக்குத் தண்ணியப் பாத்துதான பயப்படணும், நீங்க என்னத்துக்குக் கற்பூரத்தப் பாத்துப் பயப்படுறீங்க என்று கேட்டார். அந்தத் தம்பி சிரித்தானே தவிர கொடுக்கவில்லை.

நீ லீவில் வரும்போது நாலு பேருமாக இன்னொரு தரம் போகலாம் என்றாயே, அதற்காகக் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். ரூம் எடுத்தால் கப்பலின் நடுவில், கீழ் மாடியாகப் பார்த்து எடுக்க வேண்டும். நாங்கள் முன்பக்கம் எடுத்துவிட்டோம், தொட்டிலில் போட்டு ஆட்டின மாதிரி ஆட்டம். வாந்தி மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்னால் போட வேண்டும், வாந்தி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த அத்தை முதல் நாள் பூராவும் பாத்ரூமிலேயே குடியிருந்தார். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அது ரூமுக்கு வர சாயங்காலம் ஆகிவிடுகிறது, அதனால் ஒரு மாற்றுத் துணியும் மாத்திரையும் கைப்பையில் இருக்க வேண்டும். ரூம் சாவிதான் கப்பலில் எல்லாவற்றுக்கும் அடையாளம், கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்லது, அப்பா சட்டைப் பையில் வைத்துக் குனிந்து குனிந்து தொலைத்தார். சேலையோடு நீச்சல் குளத்தில் இறங்க விட மாட்டார்கள். சாப்பாடு எந்நேரமும் கிடைக்கிறது, ஆனால் நம் சாப்பாடு மாதிரி உறைப்பு இல்லை, ஊறுகாய் டப்பாவைத் திறக்காமல் சீலோடு கொண்டுபோனால் விடுவார்களா என்று நீ விசாரித்து வை. காற்று பலமாக அடிக்கிறது, மேல் மாடியில் அத்தையின் பூவெல்லாம் பறந்து யாரோ ஒரு வடநாட்டுக்காரர் தட்டில் விழுந்தது. அந்தி நேரத்தில் அங்கே நின்றிருந்தபோது, அரியலூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம், அதனால்தான் சுண்ணாம்புக்கல் தோண்டும்போது கிளிஞ்சல் கிளிஞ்சலாக வருகிறது என்று நான் எங்கோ பார்த்ததைச் சொன்னேன். அப்ப அப்பவே ஒரு எட்டு பாத்திருக்கலாமேடி, இப்ப பஸ் சார்ஜாவது மிச்சமாயிருக்கும் என்றார் அத்தை.

சாப்பாட்டு ஹாலில் எங்களுக்குக் கொடுத்தது நாலு பேர் உட்காருகிற மேஜை. பரிமாறுகிற பையன் முதல் ராத்திரி நாலாவது ஆள் வருவார்களா என்று கேட்டான். எனக்கு என்ன தோன்றியதோ, வருவாங்க என்று சொல்லிவிட்டேன். அவன் பாவம், அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் நாலாவது தட்டை வைத்து, துண்டை அழகாக மடித்து வைத்துவிட்டுப் போனான். சுற்றி எல்லா மேஜையிலும் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு ஊட்டி விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைத் திறந்து உன் கப்பல் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் நடுக்கடலில் சிக்னல் இல்லை. வீட்டில் சிக்னல் இருந்தாலும் முழுசாகத் தெரியாது. கப்பல் போகிற இடத்தைக் காட்டுகிற ஆப்பில் உன் கப்பல் ஒரு சின்ன அம்புக்குறியாகக் கரையோரம் நகர்ந்துகொண்டே வரும், நடுக்கடலுக்குள்ளே போய்விட்டால் அம்பு அப்படியே நின்றுவிடும், காசு கட்டினால்தான் மேலே காட்டுவேன் என்று சொல்லும். நின்ற அம்பைப் பார்த்துக்கொண்டே நான் சோறு வடித்திருக்கிறேன், துணி காயப்போட்டிருக்கிறேன். அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான், சில நாள் பதில்கூடச் சொல்லிவிடுகிறேன் அதற்கு.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். எங்கள் ரூமைப் பார்த்துக்கொண்டது பிரமிளா என்று ஒரு பெண், டார்ஜிலிங் பக்கம், உன் வயதுதான் இருக்கும், உன்னை மாதிரியே கொண்டையை இறுக்கிப் போட்டிருந்தாள். எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன், வீடியோவில் படித்த இந்திதான், அவளுக்குப் புரிந்தது. முதல் நாள் அத்தை வாந்தி எடுத்து வைத்ததை அவள் முட்டி போட்டுத் துடைத்தாள். அப்பா கதவோரம் நின்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். நான் பிரமிளாவைக் கொஞ்சம் உட்காரும்மா என்று கட்டிலைக் காட்டினேன், விருந்தாளி ரூமில் உட்காரக் கூடாது என்று சிரித்துக்கொண்டே நின்றாள். அவள் முட்டியில் கருப்புத் தழும்பு. மறுநாள் விடிந்ததும் நான் பொறுக்க மாட்டாமல், நம் வீட்டில் பாயைச் சுருட்டி வைக்கிற மாதிரி மெத்தை விரிப்பெல்லாம் உருவி மடித்து, தலையணையை மேலே அடுக்கி மூலையில் வைத்துவிட்டேன். தரையை ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துண்டையெல்லாம் அலசிப் பிழிந்து நாற்காலி மேல் காயப்போட்டேன். பாத்ரூமையும் துடைக்கலாம் என்று திரும்பினால், அங்கே உன் அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தோள் துண்டால் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, நிக்காத பானு, அந்தப் புள்ள வர்றதுக்குள்ள முடிச்சிடணும் என்றார்.

நல்லது செய்வதாக நினைத்து அவளுக்கு வினை வைத்துவிட்டோம் பாப்பா. நாங்கள் கதவைத் திறந்து போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரம் அவளுடைய சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். மூலையில் குவித்து வைத்த படுக்கையும் நாற்காலியில் ஈரத் துண்டும் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்? நேற்றிலிருந்து இந்த ரூமுக்கு ஆளே வரவில்லை, சலித்துப்போய் விருந்தாளியே கூட்டிக்கொண்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். பிரமிளாவை நடையில் நிறுத்தி வைத்துக் கேட்கிறார், அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள், எங்களைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள். நான் ஓடிப்போய் இங்கிலீஷில் வீ ஒன்லி டூயிங், ஷீ குட் கேர்ள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்து, எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறாரே தவிர நம்பவில்லை, நாங்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டுப் பொய் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். காசு கொடுத்து வந்த விருந்தாளி எதற்குப் பாத்ரூம் கழுவ வேண்டும் என்று அவர் கேட்டார், உள்ளதைச் சொல்லலாம் என்றால் பின்னாலேயே அத்தை நிற்கிறார்.

அத்தைக்குத்தான் உன் வேலை என்னவென்று தெரியாதே. அவருக்கு மட்டுமா, ஊரில் யார் கேட்டாலும் கப்பல் ஆபீசில் இருக்கிறாள் என்றுதான் அப்பா சொல்லி வைத்திருந்தார். அந்த நடையில் ஏழெட்டு ரூம்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அப்பா ஈரத் துண்டோடு வெளியே வந்தார். சார், எம் பொண்ணும் கப்பல்ல இந்த வேலதாங்க பாக்குது, அது இப்படித்தான் எங்கியோ முட்டி போட்டுக் கெடக்கும்னு தோணிச்சு, மனசு கேக்கல, அதான் நானே தொடச்சேன், இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க என்றார். அந்தச் சூப்பர்வைசர் கேரளாக்காரராம், தமிழ் நன்றாகப் புரிந்தது. உங்கள் மகள் எந்தக் கப்பல் என்று கேட்டார், நான் சொன்னேன், பெரிய கப்பலாச்சே என்று தலையை ஆட்டினார். பிரமிளாவின் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் ரூமுக்குள் வந்து, நான் மடித்து வைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி அவள் கணக்குப்படி விரித்தாள். போகும்போது அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள். நாளையிலிருந்து எதையும் தொடாதீர்கள் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொன்னாள், உனக்கும் யாராவது இப்படி உபகாரம் செய்தால் நீயும் இதைத்தான் சொல்வாய் என்று புரிந்துகொண்டேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை ஆரம்பித்தார் பார். ஏண்டா முத்துவேலு, ஆபீசு ஆபீசுன்னு எங்கிட்டயேவா புளுகுன, எம் மருமவதான் கம்ப்யூட்டர்ல கப்பல ஓட்டுறான்னு கீழப்பழுவூரு பூரா சொல்லி வச்சிருக்கேனேடா, இப்ப நான் போயி என்னான்னு சொல்லுவேன் என்றார். உள்ளதச் சொல்லுக்கா என்றார் அப்பா. சொல்லத்தான் போறேன், நூறு நாள் வேலையில ஏரி வெட்டுறப்ப எனக்கு வராத அசிங்கம் எம் மருமவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு, ஒனக்குத்தாண்டா புத்தி கோணல் என்று சொல்லிவிட்டு, நாலாவது தட்டில் இருந்த ரொட்டியையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். அப்பா சிரித்தார். நீ போனதிலிருந்து அவர் உன் பேச்சு வரும்போது சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊருக்கு வந்து நேற்று எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வெட்டுக்குப் பதியப் போனவரிடம் யாரோ பொண்ணு எப்படி இருக்கு என்று கேட்டார்களாம். கப்பல்ல ரூம் பாக்குற வேல, கஷ்டமான வேலதான், நல்லா இருக்கு என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

இப்போது உன் கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா முகம் கொடுக்காமல் இருக்கிற வரைக்கும் நீ எப்படியும் வந்துவிடுவாய் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. நானாக வா என்று சொல்லவே வேண்டாம், அவருடைய வீம்பே உன்னை அழைத்து வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். அந்த நடையில் அவர் வாய் திறந்தவுடன் எனக்குப் பெருமையில் அழுகை வந்தது, கூடவே அய்யோ இனி இவள் வர மாட்டாளே என்றும் வந்தது, எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இனி உன்னை இழுக்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு காரணம்தான், இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. அது பெரிதா சிறிதா என்று எடை போடுகிற ஆள் நான் இல்லை பாப்பா, எனக்கு அது மலையளவு தெரிகிறது. பிரமிளாவிடம் இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், கால் வலிக்கும், ஆனால் காலையில் கதவைத் திறந்தால் வேறு ஊர் நிற்கும் என்றாள். உனக்கும் அப்படி இருக்கிறதா என்று நான் இத்தனை நாளில் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இருந்தால் கையெழுத்துப் போடு. கால் வலி மட்டும்தான் இருக்கிறது என்றால் வந்துவிடு. என்னைக் கேட்காதே, எப்போது கேட்டாலும் வா என்றுதான் எனக்கு வாயில் வரும்.

முட்டி போடும்போது வெறும் தரையில் போடாதே, துணியை நாலாக மடித்துக் கீழே வைத்துக்கொள். பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. வாலிகண்டபுரத்து ஈஸ்வரன் உன் காலுக்கும் இடுப்புக்கும் பலம் கொடுக்கட்டும், உனக்கு மேலே இருக்கிற ஆட்கள் நல்ல மனதோடு இருக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, முடிவு எதுவாக இருந்தாலும் எனக்கு முதலில் சொல்ல வேண்டாம். அப்பா நம்பருக்குப் போன் போடு. இத்தனை நாளும் உன் பேரைப் பார்த்தவுடன் போனை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார் இல்லையா, இனிமேல் அவரே எடுத்துப் பேசுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. பானுப்ரியா