சலித்த மூட்டைகள்

ஸோம்பா, செவ்வாய்

வைசன் அண்ணே,

லாக்கப்புக்கு உன் மனைவி சாப்பாட்டோடு இதைக் கொண்டுவருவாள். முதலில் சாப்பிடு.

நேற்று தியாமிகேயை அடக்கம் செய்தோம். நீ கட்டிய பள்ளிக்கூடச் சுவரை நனைக்கத் தண்ணீர் சுமந்து வந்தவள்மேலேயே அது சரிந்துவிட்டது. எல்லாரையும் போல நானும் இழவு வீட்டுக்கு ஒரு தட்டு மக்காச்சோள மாவு கொண்டுபோனேன். பெண்கள் அதைச் சலித்தார்கள். "உன் கடை மாவுல கட்டியே இல்லப்பா, நீ நல்லா இருப்பே. அந்தக் கொத்தன்தான் எம்பொண்ணைக் கொன்னுட்டான்" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சுவர் வேலை தொடங்கிய அன்றைக்கு, நான் இறக்கிய சிமென்ட் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்து, "ஏப்பா, மழையைக் குடிச்ச சிமென்ட் மாதிரி இருக்கே?" என்றாய். "புதுச் சரக்கு அண்ணே! உனக்குத்தான் வயசாகிக் கை மரத்துப்போச்சு" என்றேன். வேலைக்கு வந்த ஊரே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே கரணையை எடுத்தாய்.

என் கிடங்கு ஒழுகியது. இறுகிப்போன கட்டிகளை உடைத்து, சலித்து, புது மூட்டையில் தைத்தது நான்தான். பள்ளி கட்டித்தரும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் திறப்பு விழா அவசரம். எனக்குச் சரக்கு போனால் போதும்.

சிமென்ட் சலித்த சல்லடையை இன்னும் கழுவவில்லை. நாளைக் காலை அதோடு காவல் நிலையத்துக்கு வருகிறேன். வெளியே போகும்போது நீ என்னிடம் பேச வேண்டாம். தியாமிகேயின் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மிச்சமிருக்கும் என் மாவைக் கொட்டிவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் கையை உன்னையே சந்தேகிக்க வைத்தவன்